பீச் ரோட்டுல பீச் எங்கே?

சிங்கப்பூர் போயிட்டு வர்றவங்க எல்லாரும் ஒரே கதையைத்தான் சொல்றாங்க. ரோடு சுத்தம், குப்பை போட்டா அபராதம், சூயிங்கம் விக்கக் கூடாது, ரயில் நேரத்துக்கு வருது, நம்ம ஊரு எப்போ இப்படி ஆகும்? அவ்ளோதான். போன செமஸ்டர் லீவுல நானும் நண்பனும் நாலு நாள் போயிட்டு வந்ததும் கிளாஸ்ல எங்கிட்ட எதிர்பார்த்ததும் அதேதான். சுத்தமாத்தான் இருக்கு, மறுக்கல. ஆனா பாலாத்தங்கரையில பொறந்த ஒருத்தன் அந்த ஊருக்குப் போனா கவனிக்க வேண்டியது வேற ஒண்ணுன்னு நினைக்கிறேன். மணல்.

முதல்ல பயணத்தைச் சுருக்கமா சொல்லிடறேன். நண்பனோட சித்தப்பா அங் மோ கியோவுல இருக்கார். அவர் வீட்டு ஹால்ல பாய், அதனால ஹோட்டல் செலவு பூஜ்ஜியம். சாப்பாடு பெரும்பாலும் தேக்கா பக்கம். 1947லிருந்து நடக்குற கோமள விலாஸ்ல ஒரு தோசை சாப்பிட்டுட்டு, அதோட விலையை ரூபாயில மாத்திப் பாக்குறது உடம்புக்கு நல்லதில்லை :-) ஞாயித்துக்கிழமை சாயந்திரம் லிட்டில் இந்தியாவுல நின்னா புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுல நிக்கிற மாதிரியே இருக்கு. அங்க புல்தரையில உக்காந்திருக்கிற நம்ம பசங்களைப் பத்தியும், அவங்க ஏஜெண்டுக்குக் கட்டின பணத்தைப் பத்தியும் தனியா எழுதணும். இதுல சேத்தா ரெண்டுமே கெட்டுப் போகும்.

மூணாவது நாள் பீச் ரோடு போனோம். பேரே பீச் ரோடு. கடல் காத்து வாங்கலாம்னு நண்பனுக்கு ஆசை. போய்ப் பாத்தா ஆபீஸ் கட்டடம், ஷாப்பிங் மால், பஸ் ஸ்டாப். கடலைக் காணோம். 1887ல ராஃபிள்ஸ் ஹோட்டல் இந்த ரோட்டுல தொறந்தப்போ எதிர்ல கடல்தானாம். இப்போ கடலைப் பாக்கணும்னா நல்லா நடக்கணும்.

இதே கதைதான் தெலுக் ஆயர் தெருவுலயும். அங்க ஒரு நாகூர் தர்கா இருக்கு. நம்ம சோழமண்டலக் கரையிலிருந்து கப்பல்ல போன முஸ்லிம்கள் 1828-30ல கட்டினது. கப்பல்ல வந்து இறங்கினவங்க கரையேறினதும் நன்றி சொல்ற இடம். பக்கத்துலயே அதே காரணத்துக்காகச் சீனர்கள் கட்டின கோயில். ரெண்டும் ஒரு காலத்துல கடல் பாத்த வாசல். 1879ல அங்க கடலைத் தூர்க்க ஆரம்பிச்சாங்க. இன்னிக்கு தர்கா வாசல்ல நின்னா முன்னாடி தெரியறது பேங்க் கட்டடங்கள்தான்.

ஒரு நூத்தம்பது வருஷமா அந்த ஊரு கடலுக்குள்ள நடந்து போயிட்டிருக்குங்க. 1960கள்ல 581 சதுர கிலோமீட்டரா இருந்த நாடு, இப்போ 730ஐத் தாண்டிடுச்சு. பழைய பரப்புல கால் பங்கு அளவுக்குப் புது நிலம். சாங்கி ஏர்போர்ட்ல பெரும்பகுதி, மெரினா பே முழுக்க, எல்லாம் தூர்த்த நிலம்தான். மெரினா பே சாண்ட்ஸ் ஹோட்டலுக்குப் பேர் வெச்சது அமெரிக்கக் கம்பெனியோட பேரால, ஆனா அந்த இடத்துக்கு அதைவிடப் பொருத்தமான பேர் கிடையாது.

அவ்வளவு மண்ணும் எங்கிருந்து வந்துச்சு? ஆரம்பத்துல அவங்க குன்றுகளையே வெட்டிப் போட்டாங்க. அது பத்தாம பக்கத்து நாடுகள்ல மணல் வாங்கினாங்க. 1997ல மலேசியா தடை போட்டுச்சு. 2007ல இந்தோனேசியா, 2009ல வியட்நாம், 2017ல கம்போடியா. வரிசையா ஒவ்வொருத்தரா கதவைச் சாத்தினாங்க. 20 வருஷத்துல சிங்கப்பூர் இறக்குமதி பண்ணினது 51.7 கோடி டன்னுன்னு 2014ல ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு சொல்லுச்சு. லாரிக்கு 20 டன்னுன்னு வெச்சுப் பாருங்க, ரெண்டரைக் கோடி லோடுக்கு மேல.

இதுல பி.காம் படிக்கிறவனுக்குப் பிடிச்ச விஷயம் கம்போடியா கணக்கு. 2007லிருந்து தடை வர்ற வரைக்கும் கம்போடியாவிலிருந்து வாங்கினதா சிங்கப்பூர் பக்கம் பதிவானது 7 கோடி டன்னுக்கு மேல. அனுப்பினதா கம்போடியா பக்கம் பதிவானது சுமார் 1.6 கோடி டன். பேங்க் ரீகன்சிலியேஷன் ஸ்டேட்மெண்ட்ல அஞ்சு ரூபாய் டேலி ஆகலேன்னா நம்ம சார் முழு மார்க்கையும் பிடிச்சுப்பார். இங்க அஞ்சு கோடி டன்னுக்கு மேல டேலி ஆகல. அது ஏதோ ஒரு ஆத்துலயோ முகத்துவாரத்துலயோ இருந்த மணல். அங்க மீன் பிடிச்சுப் பிழைச்சவங்களுக்கு அது எண்ணிக்கை இல்லை.

சரி, இப்போ நம்ம ஊருக்கு வருவோம். பழையசீவரத்துக்கு எதிர்க்கரை திருமுக்கூடல். பாலாறு, செய்யாறு, வேகவதி மூணும் சேர்ற இடம். பேர்லயே மூணு ஆறு இருக்கு. எங்க தாத்தா காலத்துல கோடையில கூட ஆத்துல முழங்கை ஆழம் தோண்டினா ஊத்துத் தண்ணி வருமாம். பாலாறு எப்பவுமே மேல ஓடுற ஆறு இல்லை, மணலுக்குள்ள ஓடுற ஆறு. காஞ்சிபுரத்துக்கும், தாம்பரம், பல்லாவரம் வரைக்கும் குடிநீர் கொடுத்தது அந்த மணலுக்குள்ள இருக்கிற தண்ணிதான். மணல் தான் தொட்டி. தொட்டியை லாரியில ஏத்தி அனுப்பிட்டு, தண்ணி எங்கேன்னு தேடினா எங்கிருந்து வரும்? சென்னையைச் சுத்தி நிக்கிற அடுக்குமாடிகள்ல எத்தனைல எங்க ஆறு பூசியிருக்குன்னு யாரும் எண்ணினதில்லை. அந்த வகையில பாலாறுதான் நம்ம கம்போடியா.

ஒரு சின்னக் கணக்கு போடலாம் வாங்க. மணல் ஒரு யூனிட்னா 100 கன அடி, அதாவது 2.8 கன மீட்டர். ஆத்து மணல்ல மூணுல ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவா இடைவெளி. மழை வந்து நிரம்பினா ஒரு யூனிட் மணல் சுமார் 850 லிட்டர் பிடிக்கும். அத்தனையும் கிணத்துக்கு வந்துடாது, பாதின்னே வெச்சுக்குவோம். 425 லிட்டர். இருபது லிட்டர் கேன்ல 21 கேன். கேன் 30 ரூபாய்னா 630 ரூபாய். இது ஒரு வாட்டி இல்லை, வருஷா வருஷம் ஆறு நிரம்புற ஒவ்வொரு தடவையும். மணல் இருக்கிற வரைக்கும் வர்ற வருமானம். நாம அதை ஒரே ஒரு வாட்டி வித்துட்டோம்.

வித்த விலையில இந்த 630 இருந்துச்சா? இல்லை. நம்ம ஃபைனான்ஷியல் அக்கவுண்டிங்ல டிப்ளீஷன் முறைன்னு ஒண்ணு வருமே, சுரங்கம், குவாரிக்கெல்லாம் தேய்மானம் போடறது. பத்து லட்சத்துக்கு ஒரு குவாரி வாங்கி, உள்ள ஒரு லட்சம் டன் இருக்குன்னா, வெட்டுற ஒவ்வொரு டன்னுக்கும் பத்து ரூபாய் தேய்மானம். நல்ல முறைதான். ஆனா ஆத்தை யாரும் விலை கொடுத்து வாங்கலையே! மூலதனம் பூஜ்ஜியம். பூஜ்ஜியத்தை எத்தனை டன்னால வகுத்தாலும் பூஜ்ஜியம். அதனால மணலோட விலைன்றது அள்ளுற கூலி, லாரி வாடகை, சீனியரேஜ், நடுவுல இருக்கிறவங்க பங்கு. ஆறு இழக்கறதுக்கு எந்த லெட்ஜர்லயும் பக்கம் கிடையாது.

இதை அங்க வெச்சே நண்பன்கிட்ட சொன்னேன். மெரினா பேரேஜ் மேல புல்தரையில உக்காந்திருந்தோம். அவன் விடல. "டேய், உங்க வீடு எதுல கட்டினது? வெல்லத்துலயா?" அவன் கேட்டது நியாயம். எங்க வீடு மாட்டு வண்டியில வந்த பாலாத்து மணல்ல கட்டினதுதான். ஊருக்கு வீடு வேணும், வீட்டுக்கு மணல் வேணும், இதுல எனக்குச் சந்தேகமே இல்லை. மாட்டு வண்டி அள்ளின பள்ளத்தை அடுத்த வெள்ளம் மூடிட்டுப் போச்சு. பொக்லைன் தோண்டினதை மூட ஆத்தால முடியல. வம்பு வேகத்துலதான்.

சிங்கப்பூரைத் திட்டறதுக்காக இதை எழுதல. சொல்லப்போனா மணல் அருமை தெரிஞ்ச ஊரு அது. பெடோக் பக்கம் மணலை மலை மாதிரி குவிச்சு, வேலி போட்டு, ஆபத்துக்கு உதவும்னு சேமிக்கிறாங்க. நாம நெல்லைக் கூட அப்படிக் காக்கறதில்லை. தெக்கோங் தீவுல டச்சுக்காரங்க முறையில, கடலைத் தூர்க்காம கரை கட்டித் தண்ணியை இறைச்சு நிலம் எடுக்கிறதா 2016ல அறிவிச்சாங்க. அதுக்கு மணல் குறைவாப் போதும். வெளியில கதவு சாத்தினதும் வந்த புத்திதான், இருந்தாலும் புத்தி வந்துச்சு.

நமக்குக் கதவு சாத்த வெளிநாடு யாரும் இல்லை, ஆறு நம்மளோடது. 2003ல மணல் குவாரியை அரசே பொதுப்பணித்துறை மூலமா எடுத்து நடத்த ஆரம்பிச்சுது. அதுக்கப்புறமும் ஆத்துல பள்ளம் குறைஞ்சதா எனக்குத் தெரியல. 2017ல தூத்துக்குடிக்கு மலேசியாவிலிருந்து கப்பல்ல மணல் வந்துச்சு. அது கோர்ட் வரைக்கும் போனது உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். 2018ல எண்ணூர்லயும் இறங்குச்சு. சிங்கப்பூருக்குத் தடை போட்ட மலேசியா மணலை, மூணு ஆறு கூடுற ஊரு இருக்கிற நாம வாங்கினோம்!

எம்-சாண்ட் இருக்கே, அப்புறம் என்ன கவலைன்னு சிலர் சொல்றாங்க. ஆத்துக்கு அது நல்லது, ஆதரிக்கிறேன். ஆனா அது ஆகாயத்துலேர்ந்து விழறதில்லை, மலையை உடைச்சு வர்றது. உத்திரமேரூர் பக்கம் கிரஷர் லாரி போற ரோட்டோரம் குடியிருக்கிறவங்களைக் கேட்டா அதோட விலையைச் சொல்வாங்க. ஆக அதுக்கும் டிப்ளீஷன் போடணும்.

என்ன பண்ணலாம்னா, மணலா இருந்தாலும் கல்லா இருந்தாலும், எடுக்கிற ஒவ்வொரு யூனிட்டுக்கும் அது பிடிச்சு வெச்சிருந்த தண்ணிக்கோ, அது தாங்கின நிலத்துக்கோ ஒரு தேய்மானத் தொகையை விலையிலயே சேர்க்கணும். அந்தப் பணம் பொதுக் கஜானாவுக்குப் போகாம, அதே ஆத்துல தடுப்பணைக்கும், எடுத்த ஊரோட குடிதண்ணிக்கும் மட்டும் போகணும். வெள்ளம் வந்து போனப்புறம் எவ்வளவு மணல் புதுசா சேர்ந்துச்சுன்னு அளந்து, அதுக்குள்ளதான் அடுத்த வருஷம் எடுக்கணும். வீட்டு விலை கூடும்னு நண்பன் சொல்றான். கூடும். இப்போ அந்த வித்தியாசத்தை எங்க ஊருக் கிணறு கட்டிட்டிருக்கு, அப்போ வீடு வாங்குறவர் கட்டுவார். அவன் இன்னும் ஒத்துக்கல.

எங்க ஊர்ல சில வருஷம் முன்னாடி பாலாத்துக்குக் குறுக்கே தடுப்பணை கட்டினாங்க. மழைக்காலத்துல தண்ணி நிக்குது, சுத்துவட்டாரக் கிணறு மூச்சு விடுது. 2021 நவம்பர்ல வந்த வெள்ளத்தைப் பாத்தவங்க யாரும் பாலாறு செத்துப் போச்சுன்னு சொல்ல மாட்டாங்க.

நம்ப முடியாதவங்க மாட்டுப்பொங்கலுக்கு வாங்க. அன்னிக்குக் காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் பாரிவேட்டைக்கு எங்க ஊருக்கு வந்துட்டு, ஆத்தைக் கடந்து திருமுக்கூடல் போவார். செங்கல்பட்டு - அரக்கோணம் ரயில்ல ஏறினா எங்க ஊர்லயே ஸ்டேஷன் இருக்கு. செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு ஆத்துல இறங்கி நடங்க. எங்க கால் மணல்ல புதையுது, எங்க களிமண் தட்டுதுன்னு நீங்களே பாக்கலாம். சாப்பாடு எங்க வீட்டுல.