கார்ட்டரை எப்படி நினைவில் வைப்பது?

2024 டிசம்பர் 29 அன்று, நூறு வயதைக் கடந்த ஜிம்மி கார்ட்டர் மறைந்தபோது, அவர் அமெரிக்க அதிபராக இருந்த காலத்தில் கேலி செய்தவர்கள்கூட ஒரே பல்லவியைப் பாடினார்கள். நல்ல கணவர், பக்திமான், கடும் உழைப்பாளி, தொண்டுள்ளம் கொண்டவர். அதிபர் பதவிதான் அவருக்குப் பொருந்தவில்லை. மரியாதையாகத் தோன்றும் இந்தப் பாராட்டில் ஒரு வசதி ஒளிந்திருக்கிறது. மனிதரைப் புகழ்ந்துவிட்டால் அவருடைய அரசியலைப் பற்றிப் பேசாமல் நகர்ந்துவிடலாம். நம் ஊர் அஞ்சலிக் கூட்டங்களிலும் இது நடக்கிறது. குடும்பப் பாசம், பக்தி, உழைப்பு, சேவை ஆகிய நான்கும் ஓரளவுக்குப் பலரிடமும் உண்டு. கார்ட்டரிடம் கவனிக்க வேண்டியது வேறு. இந்த நான்கில் ஒன்று மற்றொன்றைத் தட்டிக்கேட்க அவர் இடம் கொடுத்தார். கொடுக்காத இடங்களில் சறுக்கினார். அவருடைய நூறாண்டுகளை இப்படிப் பார்த்தால்தான் அதிபரும் மனிதரும் ஒரே ஆளாகத் தெரிகிறார்கள்.

குடும்பத்திலிருந்தே தொடங்கலாம். 1946இல் ரோசலினை மணந்தார். 2023 நவம்பரில் ரோசலின் மறையும்வரை 77 ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தார்கள். அஞ்சலிகள் எல்லாம் இந்த எண்ணிக்கையோடு நின்றுவிட்டன. ஆனால், அந்தத் திருமணத்தின் தொடக்கம் அவ்வளவு அழகானதல்ல. 1953இல் தந்தை இறந்ததும், அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல் திட்டத்தில் இருந்த வேலையை உதறிவிட்டு, சொந்த ஊரான ஜார்ஜியா மாநிலத்து பிளெயின்ஸுக்குத் திரும்பி நிலக்கடலைத் தொழிலைப் பார்ப்பது என்று கார்ட்டர் முடிவெடுத்தார். மனைவியைக் கேட்கவில்லை. ரோசலினுக்குக் கடும் கோபம். கேட்காமல் விட்டது தவறு என்று கார்ட்டரே பின்னாளில் எழுதியிருக்கிறார். கடலைக் கிடங்கின் கணக்கு வழக்கை ரோசலின் கையில் எடுத்து, வியாபாரத்தின் நெளிவுசுளிவு அவருக்கே அதிகம் தெரியும் என்றான பிறகுதான் கணவர் யோசனை கேட்கக் கற்றுக்கொண்டார். அந்தப் பழக்கம் வெள்ளை மாளிகைவரை போனது. ரோசலின் அமைச்சரவைக் கூட்டங்களில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார். 1977இல் கணவரின் தூதராக லத்தீன் அமெரிக்க, கரீபியப் பகுதியில் ஏழு நாடுகளுக்குச் சென்றார். வாக்களித்துத் தேர்ந்தெடுக்காத ஒருவருக்கு இத்தனை இடமா என்று அன்று முணுமுணுத்தார்கள். நியாயமான கேள்விதான். ஆனால், மனநலத்தை ஒரு நாட்டின் சட்டப் பிரச்சினையாக மாற்றி, 1980இல் அதற்கென ஒரு சட்டம் வரக் காரணமானவர் அவர் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பக்தியிலும் இதே கதைதான். பாப்டிஸ்ட் கிறிஸ்தவரான கார்ட்டர் தொண்ணூறைத் தாண்டிய வயதிலும் உள்ளூர் தேவாலயத்தில் ஞாயிறு பள்ளி நடத்தினார். அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, 2000ஆம் ஆண்டில் தெற்கு பாப்டிஸ்ட் சபையோடு அவர் உறவை முறித்துக்கொண்டது. மனைவி கணவனுக்குப் பணிந்து நடக்க வேண்டும், பெண்கள் போதகராகக் கூடாது என்ற சபையின் நிலைப்பாட்டை அவரால் ஏற்க முடியவில்லை. பிறந்ததிலிருந்து தன்னைச் சுமந்த சபையை 76 வயதில் விட்டு வருவது, கோயில் கோயிலாகப் போவதைவிடக் கடினமான பக்தி.

இதே பக்தி பதவியில் இருந்தபோது எங்கே போனது என்று கேட்பவர்கள் உண்டு. கேட்கத்தான் வேண்டும். 1980 பிப்ரவரியில் எல் சால்வடார் பேராயர் ஆஸ்கார் ரொமேரோ, நீங்களும் கிறிஸ்தவர்தானே என்ற உரிமையோடு கார்ட்டருக்குக் கடிதம் எழுதினார். எங்கள் ராணுவத்துக்கு உதவாதீர்கள், அது எங்கள் மக்கள்மீதே திரும்பும் என்பது அதன் சாரம். மார்ச் 24 அன்று திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருந்தபோது ரொமேரோ சுட்டுக்கொல்லப்பட்டார். அமெரிக்க உதவி நிற்கவில்லை. மனித உரிமையைத் தன் வெளியுறவுக் கொள்கையின் மையம் என்று அறிவித்தவர், ஈரானின் அடக்குமுறை மன்னரான ஷாவைப் புகழ்ந்து விருந்தில் கோப்பை உயர்த்தியதும் உண்டு. பனிப்போர் அச்சம் முன்னால் நின்ற இடங்களில் மனசாட்சி பேச அவர் இடம்தரவில்லை. இவற்றை விட்டுவிட்டு எழுதும் அஞ்சலி, அவர் ஞாயிறு பள்ளியில் கற்பித்ததற்கே எதிரானது. அதே நேரம், 1978 செப்டம்பரில் எகிப்து, இஸ்ரேல் தலைவர்களைக் கேம்ப் டேவிட்டில் 13 நாள் உட்கார வைத்து உடன்பாடு கண்ட பிடிவாதமும் அதே பதவிக்காலத்தில்தான்.

இன்னொரு ஆட்சேபணை: அதிகாரம் போன பிறகு நல்லவராக இருப்பது சுலபம். சுலபமாக இருந்திருந்தால் முன்னாள் தலைவர்களில் பலர் அதைச் செய்திருப்பார்கள். 1980 தேர்தலில் 489க்கு 49 என்ற தேர்வாளர் வாக்குக் கணக்கில் தோற்றுத் திரும்பியவர், பெருநிறுவனங்களின் இயக்குநர் நாற்காலிகளைத் தேடிப் போகவில்லை. 1961இல் கட்டிய பழைய வீட்டிலேயே கடைசிவரை இருந்தார். புத்தகம் எழுதிச் சம்பாதித்தார். ஆண்டுக்கு ஒரு வாரம் ஏழைகளுக்கு வீடு கட்டும் பணிக்குச் சுத்தியலோடு போனார். 2006இல் மகாராஷ்டிரத்தில் லோனாவாலா அருகே வந்து கட்டினார். அதற்கு 40 ஆண்டுகளுக்கு முன், 68 வயதில், மும்பையை அடுத்த விக்ரோலிக்குச் செவிலியராக வந்தவர் அவருடைய தாய் லில்லியன்.

ஆனால், வீடு கட்டுவது படத்துக்கு நன்றாக வரும் தொண்டு. படத்துக்கு வராத தொண்டு ஒன்று உண்டு. நரம்புச் சிலந்தி என்று நம் பெரியவர்களுக்குத் தெரிந்த கினிப்புழு நோயை ஒழிக்கும் வேலை அது. அசுத்தமான குளத்து நீரைக் குடித்தவரின் உடலுக்குள் ஓராண்டு வளர்ந்து, ஒரு மீட்டர் நீளம்வரை உள்ள புழு, காலில் கொப்புளம் கிளப்பி வெளியே வரும். குச்சியில் சுற்றிச் சுற்றி நாள்கணக்கில், சிலருக்கு வாரக்கணக்கில் இழுக்க வேண்டும். தடுப்பூசி இல்லை, குணப்படுத்தும் மருந்தும் இல்லை. தண்ணீரைத் துணியில் வடிகட்டுவது, கொப்புளத்தோடு குளத்தில் கால் வைக்கவிடாமல் தடுப்பது, நீரில் மருந்து தெளிப்பது, அவ்வளவுதான் வழி. 1986இல் அவர் தொடங்கிய கார்ட்டர் மையம் என்ற தொண்டு அமைப்பு இதைக் கையில் எடுத்தபோது 21 நாடுகளில் ஏறக்குறைய 35 லட்சம் பேருக்கு ஆண்டுதோறும் இந்த நோய் வந்தது. 1995இல் சூடான் உள்நாட்டுப் போரை இதற்காகவே சில மாதங்கள் நிறுத்த வைத்தார் கார்ட்டர்.

பெயர் அவருக்கு, உழைப்பு கிராமத்துத் தொண்டர்களுக்கா என்று கேட்கலாம். உழைத்தவர்கள் அவர்கள்தான். 2000இல் ஒழிப்புச் சான்று பெற்ற இந்தியா, அதற்கான சொந்தத் திட்டத்தைக் கார்ட்டருக்கு முன்பே தொடங்கியிருந்தது. ஆனால், நாட்டுத் தலைவர்களின் கதவைத் தட்டி, கேட்பாரற்ற ஏழைகளின் நோயை அவர்கள் மேசையில் வைக்க ஒரு முன்னாள் அதிபரின் பெயர் தேவைப்பட்டது, அதைக் கொடுத்தார். கடைசிப் புழு தனக்கு முன்பே சாக வேண்டும் என்று 2015இல் வேடிக்கையாகச் சொன்னார். அது நிறைவேறவில்லை. அவர் மறைந்த 2024இல் உலகில் இந்த நோய் கண்டவர்கள் 15 பேர், சாட், தெற்கு சூடான் ஆகிய இரு நாடுகளில். சாட்டில் நாய்களிடமும் புழு தொற்றியிருப்பதால் மிச்ச வேலை இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது.