கடனும் தலையெழுத்தும்

ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா, பால் பென்ஃபீல்டு முதலிய வெள்ளைக்கார லேவாதேவிக்காரர்களிடம் கடன் வாங்கி, அதற்கு ஈடாக ஜில்லாக்களின் வரி வசூலையே எழுதிக் கொடுத்தார். அந்தக் கடன்களை விசாரணையே இல்லாமல் தீர்க்க உத்தரவானதை 1785-இல் எட்மண்டு பர்க் பார்லிமெண்டில் கண்டித்துப் பேசியும் பயன்படவில்லை. ஆனால் 1801-இல் கம்பெனியார் நாட்டை எடுத்துக்கொண்ட பிறகு, 1805-இல் ஒரு கமிஷன் உட்கார்ந்து, பாக்கி நின்ற கடன்களை விசாரித்தது. கேட்ட தொகையில் பத்தில் ஒரு பங்குகூட உண்மைக் கடனாகத் தேறவில்லை! கணக்குக் கேளாதவரை எல்லாம் மெய். கேட்டவுடன் பெரும்பாலும் பொய்.

இன்று அதே ஆற்காட்டிலும், வேலூர், ஆம்பூர், வாணியம்பாடியிலும் தோல் ஷாப்புக்காரரும், செருப்புக் கம்பெனித் தொழிலாளியும், குடியானவரும் வீட்டை ஈடுவைத்துவிட்டு, தொல்லை வந்ததும் "தலையெழுத்து", "சனி பிடித்தது" என்று ஜோசியனிடம் ஓடுகின்றார்கள். சனிக்கும் வட்டிக்கும் என்ன சம்பந்தம்? பத்திரத்தை எழுதியது சனியா, லேவாதேவிக்காரனா?

அடமானம் என்று சொல்லிக் கிரயப் பத்திரம் எழுதி வாங்குவதே பெரிய பித்தலாட்டம். "பணத்தைக் கொடுத்தால் திருப்பி எழுதித் தருகிறேன்" என்ற வாய்ச்சொல்லை நம்பி ஏமாறாதீர்கள். 1929-இல் திருத்தப்பட்ட சொத்து மாற்றுச் சட்டப்படி, அந்த நிபந்தனை அதே பத்திரத்தில் இருந்தால்தான் அது அடமானக் கிரயமாகும். உண்மையான அடமானமானால், பணம் கட்டிச் சொத்தை மீட்கும் உரிமையை எந்த நிபந்தனை போட்டும் பறிக்க முடியாது.

கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் வாங்குவது 2003-ஆம் வருஷத்துத் தமிழ்நாட்டுச் சட்டப்படி குற்றம். மூன்று வருஷம் வரை சிறையும், 30,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. கடன் கொடுத்தவன் பணத்தை வாங்க மறுத்தால் கோர்ட்டில் கட்டிவிடலாம்.

பாங்கிக்காரர் 2002-ஆம் வருஷத்து சர்ஃபேசி சட்டத்தைக் காட்டினால் நடுங்க வேண்டியதில்லை. முதல் நோட்டீசுக்கு 60 நாள் தவணை உண்டு. அதற்குள் ஆட்சேபணையை எழுத்தில் கொடுத்தால், ஏற்காத காரணத்தை 15 நாளில் பாங்கி சொல்லியாக வேண்டும். சொத்தைக் கைப்பற்ற நடவடிக்கை எடுத்தால், 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். ஏல விளம்பரம் வெளியாகுமுன் முழுப் பாக்கியையும் செலவுடன் கட்டினால் ஏலம் நின்றுபோகும். விவசாய நிலம் இந்தச் சட்டத்துக்குள் வராது. ஆனால் இந்த நாட்களைப் பரிகாரத்தில் கழித்துவிட்டு வந்தால் வக்கீலாலும் பயனில்லை.

"கடன் வாங்கினவன் கட்ட வேண்டாமா?" என்று சில யோக்கியர்கள் கேட்பார்கள். கட்டத்தான் வேண்டும். ஆனால் கட்ட வேண்டியது எவ்வளவு என்று கேட்க அவனுக்கு உரிமை இல்லையா? வாங்கியது இவ்வளவு, கட்டியது இவ்வளவு, வட்டி இவ்வளவு என்று தமிழில் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள். கட்டிய பணத்துக்கெல்லாம் ரசீது வாங்குங்கள்.

தோழர்களே! படித்துப் பாராமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். படிக்கத் தெரியாதவர், தெரிந்தவரைக் கொண்டு படிக்கச் சொல்லிக் கேட்கட்டும். கணக்குக் கேட்பது மானக்கேடல்ல. கேளாமல் வீட்டை இழந்துவிட்டுத் தலைவிதி என்பதுதான் மானக்கேடு.