மொழி தெரியாமல் மனத்தை அளப்பதா?

மனநோய்க்கு மாத்திரை விழுங்குவது நல்லதா, கெட்டதா என்று படித்தவர்கள் நடத்தும் சண்டை ஓய்வதாக இல்லை. மூளையில் ஏதோ ஒரு ரசாயனம் குறைந்துவிட்டது, மாத்திரையால் நிரப்பினால் போதும் என்கிறார்கள் ஒரு சாரார். மாத்திரையே மருந்துக் கம்பெனிகளின் கொள்ளை, சமுதாயத்தின் நோயைத் தனிமனிதன் தலையில் கட்டுகிறார்கள் என்கிறார்கள் இன்னொரு சாரார். இவர்களில் நம் தோழர்கள் சிலரும் உண்டு. இரு தரப்பாரையும் கேட்கிறோம்: ஆஸ்பத்திரி வரிசையில் அரை நாள் கூலியை இழந்து நின்று, இரண்டே நிமிடத்தில் சீட்டைக் கையில் திணித்து வெளியே அனுப்பப்படும் தாராவித் தமிழனைப் பற்றி உங்களில் எவரேனும் நினைத்ததுண்டா?

காசநோய் என்றால் சளியைச் சோதித்துச் சொல்லலாம். எலும்பு முறிந்தால் எக்ஸ்ரே காட்டிவிடும். மனச்சோர்வுக்கும் மனச்சிதைவுக்கும் அப்படி ஒரு சோதனை இன்றுவரை கிடையாது. ரத்தம் எடுப்பதெல்லாம் பெரும்பாலும் தைராய்டுக் குறைவு போன்ற வேறு கோளாறு இல்லையென்று உறுதி செய்துகொள்ளத்தான். நோயாளி என்ன சொல்கிறார், எப்படிச் சொல்கிறார், வீட்டார் என்ன சொல்கிறார்கள் என்பதை வைத்தே நோய்க்குப் பெயர் வைக்கிறார்கள். அங்கே பேச்சுதான் ஸ்டெதாஸ்கோப்! அந்தப் பேச்சைக் கேட்கும் காது தமிழ் அறியாத காதாக இருந்தால்?

நடப்பது இதுதான். "மனசு சரியில்லை" என்கிறார் ஒரு தாய். பக்கத்தில் நிற்கும் வார்டுபாய், தனக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில் அதை வாங்கி, மூளை கெட்டுவிட்டதாம் என்று இந்தியில் கொடுக்கிறார். ஆடி மாதம் சாமி வந்து ஆடுகிறவர், "ஆத்தா எங்கிட்டப் பேசும்" என்று பக்தியோடு சொன்னது, காதில் குரல் கேட்கிறது என்று சீட்டில் ஏறிவிடுகிறது. இதற்கு நேர்மாறாக நடப்பதுதான் இன்னும் அஞ்சத்தக்கது. தூக்கம் வரவில்லை என்று மட்டும் இந்தியில் சொல்லத் தெரிந்தவருக்குத் தூக்க மாத்திரை கிடைக்கிறது. செத்துப்போகத் தோன்றுகிறது என்று சொல்ல அவருக்கு அந்த மொழியில் சொல் இல்லை. பல நேரம் மொழிபெயர்ப்பது யார்? முனிசிபல் பள்ளியில் ஏழாவது படிக்கும் அவருடைய மகள்! எந்தத் தகப்பன் அந்தச் சொல்லைப் பெற்ற பிள்ளையின் வாய்வழியாக டாக்டருக்குச் சொல்லி அனுப்புவான்?

பிழைக்கப் போனவர்களின் மனம் உடைவது புதிய செய்தியல்ல. 1932இல் ஓடகார்டு என்ற நார்வே மருத்துவர், அமெரிக்காவின் மினசோட்டாவில் குடியேறிய நார்வேக்காரர்களை ஆராய்ந்தார். அங்கேயே பிறந்தவர்களைக் காட்டிலும், சொந்த நாட்டிலேயே தங்கிவிட்டவர்களைக் காட்டிலும் இவர்களே அதிகமாக மனச்சிதைவுக்கு ஆளாகி ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தார்கள். ஏற்கெனவே மனம் தளர்ந்தவர்கள்தாம் ஊரைவிட்டுக் கிளம்புகிறார்கள் என்று அவர் காரணம் சொன்னார். பிழைக்க வந்தவனையே குறை சொல்லும் வழக்கம் அன்றே இருந்திருக்கிறது. பிற்காலத்தில் பிரிட்டனில் குடியேறிய கரீபியத் தீவுக் கறுப்பின மக்களிடமும் இதே நிலை தெரிந்தபோதுதான், ஒதுக்கலும் இழிவும் தனிமையும் மனத்தைக் குலைக்கும் என்ற பேச்சு வலுத்தது. வெள்ளை மருத்துவர்கள் கறுப்பரின் பேச்சைத் தவறாகப் புரிந்துகொண்டு நோய்ப்பெயர் சூட்டுகிறார்கள் என்ற குற்றச்சாட்டும் எழுந்தது.

அதற்காக மாத்திரையைத் தூக்கி எறியச் சொல்கிறோமா? ஒருகாலும் இல்லை. சமுதாயம் மாறும்வரை பொறுத்திரு என்று, மூன்று நாள் உறங்காமல் சுவரோடு பேசிக்கொண்டிருப்பவரிடம் எந்தத் தோழர் போய்ச் சொல்வார்? மருந்தால் எழுந்து மறுபடி வேலைக்குப் போகிறவர்கள் நம் தெருக்களிலேயே இருக்கிறார்கள். மருந்தைத் தாமாக நிறுத்தி, ஊருக்கு ரயிலேற்றி, மந்திரிக்க விட்டுவிட்டு வருவது இன்னும் ஒழியவில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பற்றியபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட வழியின்றிக் கருகினார்கள். மாண்டவர்கள் 28 பேர். சங்கிலிக்கு மாத்திரை எவ்வளவோ மேல்.

ஆனால் மாத்திரை கொடுப்பவர் பேசியாக வேண்டும். லித்தியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மனஎழுச்சி நோய்க்கு நல்ல மருந்து. ஆனால் ரத்தத்தில் அதன் அளவு கொஞ்சம் ஏறினாலும் விஷம். அவ்வப்போது ரத்தம் சோதிக்க வேண்டும். பேக்கரி அடுப்பின் முன்னும் வார்ப்படப் பட்டறையிலும் வியர்த்துக் கொட்டி, உடலில் நீர் வற்றினால் அளவு ஏறும். முதுகு வலிக்கிறதென்று கடையில் புரூஃபென் வாங்கிப் போட்டாலும் ஏறும். அப்போது கை நடுங்கும், வாந்தி வரும், கால் தள்ளாடும். குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று மேஸ்திரி விரட்டிவிடுவார்! இதைத் தமிழில் நாலு வாக்கியத்தில் சொல்லிவிடலாம். சொல்ல ஆளில்லை.

நாம் சலுகை கேட்கவில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 22ஆவது பிரிவில், நோயின் தன்மையையும் சிகிச்சையையும் பக்கவிளைவுகளையும் அறியும் உரிமையை நோயாளிக்குத் தருகிறது. அதுவும் அவருக்குப் புரியும் மொழியில்! 2018 மே மாதம் முதல் நடைமுறையில் உள்ள சட்டம் இது. 2022 அக்டோபரில் அரசு தொடங்கிய டெலி மானஸ் தொலைபேசியில், 14416ஐ அழைத்தால், தமிழைத் தேர்ந்தெடுத்துப் பேசலாம். தொலைபேசியில் முடிகிற காரியம் ஆஸ்பத்திரி மேசைக்கு எதிரே ஏன் முடியவில்லை?

தமிழர் நெருங்கி வாழும் பகுதிகளின் அரசு, மாநகராட்சி மருத்துவமனைகளில், மனநலப் பிரிவு இயங்கும் நாட்களில், சம்பளம் பெறும் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் உட்கார வேண்டும். பள்ளிப் பிள்ளைகளை அந்த அறைக்குள் இழுக்கக் கூடாது. இதுவே நம் கோரிக்கை. அதுவரை, மருந்துச் சீட்டையும் மிச்சமுள்ள மாத்திரைகளையும் எடுத்துக்கொண்டு, மருந்தை நிறுத்தாமல், ஞாயிறு காலை சங்க அலுவலகத்துக்கு வாருங்கள். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது, இந்தியும் மராத்தியும் பேசத் தெரிந்த வயதுவந்த உறுப்பினர் ஒருவர் உங்களுடன் வருவார்.