நடக்கிறவருக்கு வழி விடாத சைக்கிள்

குடாநாட்டில் மலை எண்டு சொல்ல இருப்பது கீரிமலை ஒன்றுதான். அதுவும் பேரில் மட்டும். ஆனாலும் மவுண்டன் பைக்குக்கு இப்ப இங்கே குறைவில்லை. தடித்த ரயர், இருபத்தொரு கியர், தலையில் ஹெல்மெட். ஞாயிறு விடியக் கூட்டமாகக் கிளம்பி வலிகாமம் வடக்குக்குப் போய், மயிலிட்டிக் கடற்கரையில் நின்று படம் எடுத்து, வெயில் ஏற முதல் திரும்பிவிடலாம். எங்கள் கூட்டத்திலும் பாதிப்பேரிடம் சைக்கிள் இருக்கு. ஓடுவது நல்ல விசயம். அதோடு எங்களுக்குச் சண்டை இல்லை. அந்த ஊரின் ஒழுங்கைகளை 'ட்ரெயில்' எண்டு பேர் மாற்றுவதோடுதான் சண்டை.

பேரில் என்ன இருக்கு எண்டு கேட்காதீர்கள். ஒழுங்கை என்றால் அதன் இரண்டு பக்கமும் படலை இருக்கும், படலைக்குள் ஆட்கள் இருப்பார்கள். ட்ரெயில் என்றால் ஓடுகிறவனும் அவனுடைய நேரக்கணக்கும் மட்டும்தான். ஒழுங்கையில் வலையைத் தோளில் போட்டு வருகிற கடற்றொழிலாளி அந்த ஊர்க்காரர். ட்ரெயிலில் அதே மனிசன் இடைஞ்சல். "முன்னுக்கு ஆள் நிண்டதால ரைம் போச்சு" எண்டு இணையத்தில் எழுதுகிறவருக்கு ஒன்றைச் சொல்லவேண்டும்: அங்கே நின்றவருக்கு அந்த வழி தொழிலுக்குப் போகிற வழி. உங்களுக்கு அது ஞாயிற்றுக்கிழமை.

இதைவிட மோசம், இடிந்த வீடுகளுக்குள்ளால் சைக்கிளை இறக்கி ஏற்றி வீடியோ எடுத்து, 'கைவிடப்பட்ட கிராமம்' எண்டு தலைப்புப் போடுவது. யார் கைவிட்டது? மயிலிட்டிச் சனம் 1990 யூனில் போர் துரத்தி ஓடினது. பிறகு அந்த நிலம் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. துறைமுகமும் அதைச் சுற்றின 54 ஏக்கரும் திரும்பக் கிடைத்தது 2017 யூலை 3இல்தான். இடையில் 27 வருசம். அகதி முகாமில் பிறந்த பிள்ளை கலியாணம் கட்டிப் பிள்ளை பெறுகிற அளவு காலம். அந்தக் கூரையில்லாத சுவர் ஒரு குடும்பத்தின் அறை. அந்தச் சிமெந்துப் படி, திரும்பி வந்தவர்கள் தங்கள் காணியை அடையாளம் பிடித்த படி. அதில் 'ஜம்ப்' அடிக்க யாரிடம் கேட்டீர்கள்? பற்றைக்குள் கட்டு இடிந்த கிணறு இருந்தால் தெரியாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவைக்கிறோம்.

இதெல்லாம் கண்டறியாத ஒழுக்கப் பாடம் எண்டு நினைக்கிறவர்கள், அந்த விளையாட்டு வளர்ந்த ஊரின் கதையைக் கேளுங்கள். 1970களில் கலிபோர்னியாவின் மரின் பகுதியில், தமல்பாய்ஸ் மலையின் தீயணைப்புப் பாதைகளில் பழைய தடித்த ரயர்ச் சைக்கிள்களை இறக்கி ஓடிய பெடியங்களிடமிருந்துதான் மவுண்டன் பைக் இந்தளவுக்கு வளர்ந்தது. அங்கேயே நடக்கிறவர்களோடும் குதிரைக்காரரோடும் சண்டை வந்தது. ஒற்றையடிப் பாதைகள் பல சைக்கிளுக்கு மூடப்பட்டன. அகலமான பாதைகளில் மணிக்கு 15 மைல், ஆட்களைக் கடக்கும்போதும் முன்பக்கம் தெரியாத வளைவிலும் 5 மைல் எண்டு எல்லை வைத்தார்கள். அமெரிக்காவின் பொதுப் பாதைகளில் ஒரு முக்கோணப் பலகை நிற்கும். அதன் பொருள் எளிது: சைக்கிள்காரர் எல்லாருக்கும் வழி விடவேண்டும், நடக்கிறவர் குதிரைக்கு வழி விடவேண்டும். ஹெல்மெட்டையும் கியரையும் அங்கிருந்து எடுத்த நாங்கள் இந்தப் பலகையை மட்டும் ஏன் அங்கேயே விட்டுவிட்டு வந்தோம்?

அந்த எல்லைக்குக் கணக்கும் இருக்கு. 15 மைல் என்பது ஏறத்தாழ 24 கிலோமீற்றர். அந்த வேகத்தில் ஒரு செக்கனுக்கு 7 மீற்றர் போவீர்கள். ஆளைக் கண்டு பிறேக்கைப் பிடிக்கவே அந்த ஒரு செக்கன் வேணும். அதற்குப் பிறகு கிரவலில் சறுக்கிற தூரம் வேறு. மயிலிட்டியில் கடற்காற்று அடிக்கிற நேரம் பின்னால் அடிக்கிற மணி முன்னால் போகிறவருக்குக் கேட்காது. தலையில் மீன் பெட்டி வைத்திருக்கிற அம்மாவால் திரும்பியும் பார்க்க ஏலாது. அப்ப வேகத்தைக் குறைக்கவேண்டியது யார்?

"எங்களைத்தானே டிப்பரும் வானும் இடிக்குது, எங்களுக்கு எதிராக ஏன் எழுதுறீங்கள்?" எண்டு ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்விதான். டிப்பர்க்காரன் ஹோர்ன் அடித்து எங்களைத் தெருக்கரை மணலில் இறக்குவது அநியாயம். ஆனால் அது ஏன் அநியாயம்? பெரியவன், வேகமாகப் போகிறவன், தனக்கு அவசரம் எண்டதற்காகச் சின்னவனை ஒதுக்குகிறான். அதே நியாயத்தை நடக்கிறவருக்குக் கொடுக்காமல் டிப்பரிடம் மட்டும் கேட்டால், நாங்கள் கேட்பது நீதி இல்லை, டிப்பரின் இடம்.

"அப்ப சைக்கிளுக்குத் தனிப் பாதை போட்டுத் தரட்டும்" என்பது அடுத்த கதை. நகரத்தில், பல்கலைக்கழகத்தைச் சுற்றி, நாங்களும் அதைக் கேட்போம். மயிலிட்டியில் கேட்கமாட்டோம். தனிப் பாதைக்குக் காணி வேணும். வேலி போட்டுக் காணி எடுத்ததைத் தலைமுறைக் கணக்காய்ப் பார்த்த ஊரில், இன்னும் முழுக் காணியும் திரும்பாத வலிகாமம் வடக்கில், எங்கள் பொழுதுபோக்குக்காக இன்னொரு துண்டு கேட்க எங்களுக்கு வாய் வராது. அங்கே பாதை பகிரப்பட்டுத்தான் இருக்கவேண்டும்.

பகிர்வது எண்டால் என்ன என்பதைப் பலாலி வீதியிலிருந்து தலைகீழாகப் படிக்கலாம். 2025 ஏப்ரல் 10இல் வசாவிளானிலிருந்து பலாலிக்குப் போகிற பகுதி ஏறத்தாழ 35 வருசத்துக்குப் பிறகு திறக்கப்பட்டது. திறந்தபோது வைத்த நிபந்தனைகள்: காலை 6 மணியிலிருந்து மாலை 5 மணிவரை மட்டும், இடையில் நிறுத்தக்கூடாது, படம் எடுக்கக்கூடாது, வேகம் 40 கிலோமீற்றருக்கு மேல் கூடாது, நடந்து போகவே கூடாது. வாகனம் போகலாம், கால் போகக்கூடாது எண்டிருந்தது! காணிக்காரர் தன் காணி இருக்கிற பக்கத்தை ஓடுகிற பஸ்ஸுக்குள் இருந்து பார்த்துக்கொண்டு போக முடிந்தது, இறங்கி நிற்க முடியவில்லை. அதைத் தெரு திறந்தது எண்டு சொல்லமாட்டோம். ஒரு குழாயின் இரண்டு முனையை மட்டும் அப்ப திறந்தார்கள்.

நடக்கவும் நிற்கவும் ஏலாத வழி யாருக்கும் சொந்தமில்லாத வழி. ஆமிக்காரன் பலகை வைத்து அதைச் செய்தால் எங்களுக்குக் கோபம் வருகிறது, வரவேணும். ஆனால் இருபது சைக்கிள் வரிசையாய்ப் பறந்து ஒரு கிழவரை வேலியோடு ஒட்டவைத்தால், அந்த ஐந்து நிமிசத்துக்கு அந்த ஒழுங்கையும் நடக்கக்கூடாத வழிதான். பலகை மட்டும் இல்லை.

ஆகவே சைக்கிளோடு மயிலிட்டிக்குப் போகிற நண்பர்களிடம் நேராகவே கேட்கிறோம். வலையும் கருவாடும் காய்கிற இடத்தில் இறங்கி உருட்டுங்கள். ஆளைக் கடக்க முதல் வேகத்தைக் குறைத்து, குரல் கொடுத்து, அவர் ஒதுங்கின பிறகு போங்கள், ஒதுங்காவிட்டால் நில்லுங்கள். படலை இல்லாவிட்டாலும் காணி காணிதான், உள்ளே இறங்காதீர்கள். நேரம் பிடித்து ஓட ஆசையென்றால் அதற்கு மைதானம் இருக்கு. வழி திறக்கச் சொல்லி மனு எழுதும்போது, முதல் வரியில் நடக்கிற உரிமையைக் கேளுங்கள். சைக்கிளை இரண்டாம் வரியில் எழுதலாம்.