மெட்டு யாருடையது?



நம் சுவர் இதழின் மேல் ஓரத்தில் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவில் ஒரு வரி எப்போதும் இருக்கும்: "சொந்தப் படைப்புகள் மட்டும்". நல்ல வரிதான். போனில் இருந்ததை அப்படியே பார்த்து எழுதி, அடியில் தன் பெயரைப் போட்டுக் கொடுப்பவர்களை நிறுத்த அது வேண்டும். ஆனால் அந்த வரி இப்போது இன்னொரு வேலையும் செய்கிறது. ஒன்றும் தோன்றாமல் முழிக்கிறவர்களை இன்னும் முழிக்க வைக்கிறது. அதை மாற்ற வேண்டும் என்பது என் கருத்து.

போன இரண்டு தாள்களையும் நீங்களே பார்த்தீர்கள். பாதி இடத்துக்குப் பொன்மொழியும் விடுகதையும். "உங்களுக்குத் தெரியுமா?" என்று ஒரு கட்டம், அதில் தெரியாதது ஒன்றுமே இல்லை! இதழ்க் குழுவைக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதீங்க. நானும் அந்தக் குழுவில்தான் இருக்கேன். படைப்பு வரவில்லை, இருப்பதைப் போட்டு நிரப்பினோம். யாரைக் கேட்டாலும் ஒரே பதில்: "ஒண்ணுமே தோண மாட்டேங்குது."

எப்படித் தோணும்? காலையிலும் ஸ்பெஷல் கிளாஸ், சாயங்காலமும் ஸ்பெஷல் கிளாஸ். வீட்டுக்குப் போனால் நம்மில் பல பேர் வீட்டில் பனியன் கட்டு காத்துக் கிடக்கும். பிசிறு வெட்டணும், எண்ணணும், மடிக்கணும். "நீ போய்ப் படி கண்ணு" என்றுதான் அம்மா சொல்வாங்க. அவங்க தனியா வெட்டுவதைப் பார்த்துக்கொண்டு எப்படி உட்கார்வது? ஷிப்மெண்ட் நேரம் என்றால் ராத்திரி பதினொன்று தாண்டிவிடும். அதற்கு மேல் நோட்டைத் திறந்து கவிதை எழுது என்றால், மூளைதான் எழுதுமா, கைதான் எழுதுமா?

என் வகுப்பில் ஒரு தோழி. ஆறாம் வகுப்பிலிருந்து இந்தத் தாளுக்குப் படம் போட்டது அவள்தான். இந்த வருஷம் ஒன்றுகூடத் தரவில்லை. கேட்டதற்கு, "எனக்கு இனிமே வராதுடி. சொந்தமா வரலைன்னா வரையக் கூடாதுன்னு நீங்கதானே எழுதி வெச்சிருக்கீங்க?" என்றாள். அவள் ஒருத்தி மட்டும் இல்லை. பிளஸ் டூ முடிப்பதற்குள் வரைவதையும் எழுதுவதையும் விட்டுவிட்டவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்காங்க. அவங்களுக்காகத்தான் எழுதுகிறேன். நமக்குள் வறண்டு போனால் அடுத்தவர் கலையிடம் போகலாம். அங்கே கையேந்தலாம். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

ஓவியர் வான்கோவின் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1889 மே மாதம் அவர் தென் பிரான்சில் செயிண்ட் ரெமி என்ற ஊரின் மனநல மருத்துவமனையில் சேர்ந்தார். ஒரு வருஷம் அங்கே இருந்தார். நோய் வந்து வந்து போகும். வெளியே போய் வரைய முடியாத நாட்கள், உட்கார வைத்து வரைய ஆளும் கிடையாது. அப்போது அவர் எடுத்தது மில்லே என்ற மூத்த ஓவியரின் படங்களை. கிடைத்ததெல்லாம் கறுப்பு வெள்ளை அச்சுப் பிரதிகள்தான். அவற்றை முன்னால் வைத்துக்கொண்டு எண்ணெய் வண்ணத்தில் மறுபடி வரைந்தார். ஆட்டு ரோமம் கத்தரிப்பவர்கள், நூல் நூற்கும் பெண், வேலைக்கு நடுவே வைக்கோல் நிழலில் படுத்துத் தூங்குபவர்கள் என்று சுமார் இருபது படங்கள்! கோடு மில்லேயுடையது. வண்ணம்? அச்சில்தான் வண்ணமே இல்லையே, அது முழுக்க வான்கோவுடையது. பெரிய மேதை எழுதிய இசையைப் பாடகர் தம் போக்கில் வாசித்துக் காட்டுவது போலத்தான் இதுவும் என்று தம்பி தியோவுக்குக் கடிதம் எழுதினார். இப்படி வரைவது தமக்கு ஆறுதலாக இருக்கிறது என்றும் எழுதினார். அவரிடமே போய் "சொந்தப் படைப்புகள் மட்டும்" என்று நாம் பலகை மாட்டியிருந்தால்?

சரி, அது எங்கேயோ பிரான்சில். நம்ம மாவட்டத்துக்கே வருவோம்.

உடுமலைப்பேட்டை பக்கம் பூளவாடியில் 1899-இல் பிறந்தவர் உடுமலை நாராயணகவி. 1981 வரை வாழ்ந்தவர். உடுமலையில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது, பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீங்க. கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனுக்கு அவர் எழுதித் தந்தது 'கிந்தனார்' கதாகாலட்சேபம். 1949-இல் வந்த 'நல்லதம்பி' படத்தில் இருக்கிறது. தாத்தா பாட்டிகளைக் கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். பெயரைச் சொன்னதுமே எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும்: நந்தனார், கிந்தனார்! நந்தனார் சிதம்பரம் போக ஏங்கினார், கிந்தனார் படிக்க ஏங்கினார். கவிராயர் மூலத்தை மறைக்கவே இல்லை. அது தெரிந்தால்தான் சிரிப்பும் வரும், உறைக்கவும் உறைக்கும்.

இவர் எடுத்தது 19-ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனையிலிருந்து. அந்தப் பாரதிக்குக் கதை சொந்தமா? இல்லை. பெரியபுராணத்தில் இருக்கிறது. சேக்கிழாருக்குச் சொந்தமா? அவருக்கு முன்னால் நம்பியாண்டார் நம்பி ஒரே ஒரு பாட்டில் பாடி வைத்திருந்தார். அவருக்கும் முன்னால் சுந்தரர், திருத்தொண்டத் தொகையில் திருநாளைப்போவார் என்று பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போனார். ஒரு பெயர் ஒரு பாட்டாகி, அந்தப் பாட்டு முப்பதுக்கு மேற்பட்ட பாட்டுகளாகி, அது பிறகு ஒரு முழு இசை நாடகமே ஆகியிருக்கிறது. நந்தனாரை வேலைக்கு வைத்து வதைக்கும் அந்த வேதியர் இருக்கிறாரே, ஒரே ராத்திரியில் வயல் வேலையை முடித்துவிட்டு அப்புறம் சிதம்பரம் போ என்பாரே, அவர் பெரியபுராணத்தில் கிடையாது. கோபாலகிருஷ்ண பாரதி புதிதாகக் கொண்டுவந்தவர். இன்றைக்கு நந்தனார் கதை என்றாலே நமக்கு முதலில் ஞாபகம் வருவது அவர்தான்!

(இடையில் ஒரு செய்தி. இந்தக் கீர்த்தனை நூலுக்குச் சிறப்புப் பாயிரம் தர மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை முதலில் தயங்கினாராம். பேச்சு வழக்கும் இலக்கணப் பிழையும் இருக்கிறதே என்று. பிறகு ஒருநாள் கோபாலகிருஷ்ண பாரதி பாடுவதைக் கேட்டு உருகிப்போய் எழுதிக் கொடுத்தார். உ.வே.சாமிநாதையர் பதிவு செய்திருக்கிறார். என் கட்டுரையில் பேச்சு வழக்கு வருகிறது என்று சிவப்பு மை எடுக்கும் தமிழய்யா கவனத்துக்கு!)

இனி நம் சுப்பிரமணிய பாரதி. அவரும் இதே நந்தனாரிடம் போயிருக்கிறார். தில்லை வெளியில் கலந்துவிட்டவர் திரும்பி வருவாரா என்று கேட்கும் ஒரு பாட்டு நந்தனார் சரித்திரத்தில் உண்டு. அந்த மெட்டிலேயே, சுதந்திரத்தை விரும்பியவர் வேறு எதையாவது ஏற்றுக்கொள்வாரா என்று பாரதி கேட்டார். கேள்வியின் அமைப்பு அப்படியே இருக்கிறது, கேட்கும் பொருள் தலைகீழாக மாறிவிட்டது. திலகரை நிதானக் கட்சியார் கண்டிப்பது போல ஒரு கிண்டல் பாட்டு எழுதினாரே, அதுவும் நந்தனார் மெட்டுதான். நான் உங்களைப் பார்க்கச் சொல்வது ஒரே ஒரு விஷயத்தை. பாரதியார் கவிதைகள் புத்தகம் நம் நூலகத்தில் இருக்கிறது. அதில் இந்தப் பாட்டுகளின் தலைப்புக்குக் கீழே இன்ன பாட்டின் மெட்டு என்று பச்சையாக அச்சாகியிருக்கும். மகாகவி அதை மறைக்கவில்லை, "எல்லாம் என் சொந்தச் சரக்கு" என்று மார் தட்டவும் இல்லை. இளம் வயதில் ஷெல்லிதாசன் என்றே புனைபெயர் வைத்துக்கொண்டவர் ஆயிற்றே!

இன்னொன்று. நம் தாளில் மாதாமாதம் ஏழெட்டு ஹைக்கூ வருகிறதே (மூன்று வரி என்பதால் சீக்கிரம் முடிந்துவிடும், தெரியும் தெரியும்), அந்த ஜப்பானியக் கவிதையைப் பற்றித் தமிழில் முதலில் எழுதியவரும் பாரதிதான். 1916-இல் சுதேசமித்திரனில் எழுதினார். அதை அவர் படிக்காமல் விட்டிருந்தால் நம் தாளில் இன்னும் நாலு பொன்மொழி சேர்ந்திருக்கும்.

பெரிய புத்தகங்களிடம்தான் போக வேண்டும் என்றும் இல்லை. குயில் பாட்டில் பாரதி எந்தெந்தப் பாட்டுகளில் மனதைப் பறிகொடுத்ததாகச் சொல்கிறார் என்று பாருங்கள். ஏற்றம் இறைப்பவர்கள் பாட்டு, நெல் இடிக்கும் பெண்கள் பாட்டு, சுண்ணம் இடிப்பவர்கள் பாட்டு, கும்மி. எல்லாமே உழைத்துக் களைத்தவர்களின் பாட்டு. நம்ம ஊர்ப் பக்கம் கோயில் நோம்பிக்கு வள்ளி கும்மி ஆடுகிறார்களே, அதைச் சொல்லிக் கொடுத்த காரமடை பத்திரப்பன் ஐயாவுக்கு 2024-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். வள்ளி, முருகன் கதை எத்தனை நூறு வருஷத்துப் பழசு! ஆனால் பாட்டு எடுத்துவிட்டால் கால் சும்மா இருப்பதில்லை.

தமிழய்யா இதற்கு மறுப்புச் சொல்வார் என்று தெரியும். "இப்படி விட்டால் நாளைக்கு எல்லாரும் சினிமாப் பாட்டில் நாலு வார்த்தையை மாற்றிக் கொண்டு வந்து நிற்பீங்க." வரட்டும் ஐயா. நாலு வார்த்தை மாற்றுகிறவனுக்கு அந்த மெட்டில் எங்கே நெடில் வேண்டும், எங்கே குறில் போதும் என்று காது பழகிவிடும். அலகிடுதல் கணக்கை விட இது சீக்கிரம் ஏறும். நான் பயப்படுவது வேறு ஒன்றுக்கு. இப்போது போனிடம் கேட்டால் ஒரு நிமிஷத்தில் கவிதை எழுதித் தருகிறது. அதை வாங்கி ஒட்டுகிறவன் எதையும் கேட்கவில்லை, எதன் முன்னாலும் உட்காரவில்லை. வான்கோ மில்லேயின் முன்னால் நாள்கணக்கில் உட்கார்ந்தார். அவர் செய்ததும் இவன் செய்வதும் ஒன்றாகிவிடுமா?

திருப்பூர்க்காரர்களுக்கு இந்த வித்தியாசத்தைச் சொல்லித்தான் தரணுமா? கம்பெனிக்குச் சாம்பிள் பீஸ் வந்தால் பேட்டர்ன் மாஸ்டர் என்ன பண்ணுவார்? வெளியே பார்த்து "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட மாட்டார். உள்பக்கம் திருப்புவார். எங்கே ஓவர்லாக், எங்கே ஃபிளாட்லாக், கழுத்துப் பட்டியை எப்படி இழுத்து வைத்திருக்கிறார்கள் என்று தையலைத் தடவிப் பார்ப்பார். தேவைப்பட்டால் பிரித்தே பார்த்துவிடுவார். அப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் அவர் மாஸ்டர் ஆனார். அதை யாரும் திருட்டு என்று சொல்வதில்லை. அடுத்தவன் லேபிளை எடுத்துத் தன் பீஸில் தைத்தால்தான் டூப்ளிகேட். கவிதையிலும் படத்திலும் லேபிளைச் சரியாகத் தைத்துவிட்டால் போதும்.

அதனால் இதழ்க் குழு முன் ஒரு கோரிக்கை வைத்திருக்கிறேன். "சொந்தப் படைப்புகள் மட்டும்" என்ற வரியை எடுத்துவிட்டு, ஒவ்வொரு படைப்புக்கும் தலைப்புக்குக் கீழே, பாரதி பாட்டுக்கு இருப்பது போலவே, "மெட்டு: இன்னாருடையது" என்று ஒரு வரி எழுதச் சொல்லலாம். பாட்டாக இருந்தால் எந்தப் பாட்டு, படமாக இருந்தால் யார் படம், கதையாக இருந்தால் எந்தக் கதையைப் படித்ததும் தோன்றியது. பாட்டி சொன்ன கதை என்றால் பாட்டி பெயரையே போடலாம். குழுவில் மூன்று பேர் சரி என்றார்கள், இரண்டு பேர் யோசிக்கிறார்கள்.

அந்தத் தோழிக்கு வான்கோ வரைந்த நூல் நூற்கும் பெண்ணின் படத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள். "இந்தக் கை எங்க ஆத்தா கை மாதிரியே இருக்குடி" என்றாள். வரைவாளா மாட்டாளா, இன்னும் சொல்லவில்லை. அடுத்த தாளில் இடது பக்கம் மேல் மூலையில் ஒரு கட்டம் அவளுக்காகக் காலியாக விட்டிருக்கிறோம். மற்ற கட்டங்களுக்கு வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் கொடுங்கள். ஒருபக்கம் மட்டும், கறுப்பு மையில், மெட்டின் பெயரோடு.

- பதினோராம் வகுப்பு மாணவி,
சுவர் இதழ்க் குழு