நீர் பின்னோக்கி ஓடாது என்பார்க்கு

கட்டடம் கட்டுவோரும், அதில் குடியேறுவோரும், குழாய் வேலை செய்யும் பிளம்பர்களில் பெரும்பாலோரும் சந்தேகமின்றி ஏற்றுக்கொண்டிருக்கும் அபிப்பிராயம் ஒன்று உண்டு. தெருக்குழாயில் வந்து சம்ப்பில் விழுந்து, மோட்டாரால் மொட்டைமாடித் தொட்டிக்கு ஏறி, அங்கிருந்து இறங்கி வீட்டுக் குழாய்களில் வரும் தண்ணீர் வந்த வழியே திரும்புவதில்லை. ஆகையால் கழிப்பறையின் அழுக்கோ வாளியின் சோப்பு நீரோ குடிநீர்க் குழாய்க்குள் புக வழியில்லை. பின்னோட்டத் தடுப்பு என்பது மேல்நாட்டார் தங்கள் ஊர்க் குழாய்களுக்காகச் செய்துகொண்ட ஏற்பாடு, நமக்கு அது வீண் செலவு என்பதே அந்த அபிப்பிராயம். இதற்கு ஆதாரமாகச் சொல்லப்படும் நியாயங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்தால் அவற்றுள் ஒன்றுகூட நிலைநிற்கவில்லை என்பது என் துணிபு. உயிரைப் பற்றிய விஷயமாதலால் அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கே ஓடும் என்பது முதல் வாதம். திறந்த வாய்க்காலுக்கு இது பொருந்தும். மூடிய குழாய்க்குள் நீர் செல்லும் திசையைத் தீர்மானிப்பது இரு முனைகளிலும் உள்ள அழுத்தமே. வாயுமண்டலத்தின் அழுத்தம் மட்டுமே நீரை ஏறக்குறைய 10.3 மீட்டர் உயரம், அதாவது மூன்று மாடி உயரம், தூக்கி நிறுத்த வல்லது. மூன்று மாடி வீடொன்றில் தொட்டியைக் கழுவுவதற்காக அதன் அடியிலுள்ள கேட் வால்வை மூடியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் மாடியில் துணி ஊறவைத்த ஒருவர் குழாயைத் திறக்கிறார், தண்ணீர் வரவில்லை, வரும்போது வரட்டும் என்று திறந்தபடியே விட்டு, அதில் மாட்டிய ஹோஸின் முனையை வாளிக்குள் போட்டுவிட்டுப் போகிறார். அதே வேளையில் தரைத்தளத்தில் இன்னொருவர் குழாயைத் திறக்க, இறங்கு குழாயில் நிற்கும் நீர்த்தம்பம் கீழே சரிகிறது. சரிந்த நீருக்குப் பின்னால் உண்டாகும் வெற்றிடம் வாளியிலுள்ள நுரை நீரை ஹோஸ் வழியே மேலே இழுத்துக்கொள்கிறது. அருகில் நின்றால், வாளியின் நீர்மட்டம் விரல் விரலாக இறங்குவதைக் கண்ணாரக் காணலாம். அந்த இறங்கு குழாயிலேயே சமையலறையும் இணைந்திருந்தால் அந்த நீர் எங்கே போய்ச் சேரும் என்பதை விளக்க வேண்டியதில்லை. வாளிக்குப் பதிலாகக் கழிப்பறைக் கோப்பைக்குள் தொங்கும் ஹெல்த் ஃபாசெட்டை நினைத்துப் பாருங்கள்.

1969ஆம் ஆண்டு அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஹோலி கிராஸ் கல்லூரியில் நடந்தது இதுவே. அருகில் ஏற்பட்ட ஒரு தீயை அணைக்கத் தீயணைப்புக் குழாய்களிலிருந்து பெருமளவு நீரை இழுத்தபோது அவ்வட்டாரத்தில் அழுத்தம் விழுந்தது; பயிற்சி மைதானத்தில் தரைமட்டத்துக்குக் கீழே புதைத்திருந்த குழாய்ப் பெட்டிகளில் தேங்கிய அழுக்கு நீர் குடிநீர்க் குழாய்க்குள் உறிஞ்சப்பட்டது. அப்பெட்டிகளின் அருகே விளையாடிய குழந்தைகளுக்குக் கல்லீரல் அழற்சி நோய் இருந்தது. கால்பந்தாட்ட அணியையும் பயிற்சியாளர்களையும் சேர்த்து 97 பேரில் 90 பேரை அந்நோய் பற்றியது; இரண்டே ஆட்டங்களுடன் அவ்வாண்டின் போட்டிகள் கைவிடப்பட்டன.

நமக்குச் சம்ப்பும் மேல்தொட்டியும் இருப்பதால் தெருக்குழாயோடு நேர்த்தொடர்பே இல்லை என்பது இரண்டாவது வாதம். தொட்டிக்குள் நீர் விழும் குழாயின் வாய், நீர் நிரம்பி வழியும் மட்டத்துக்கு மேலே இருந்தால் மட்டுமே இது உண்மை. ஆனால் நடைமுறை என்ன? தண்ணீர் விழும் சப்தம் கேட்கக்கூடாது என்றும், குறைந்த அழுத்தத்திலும் கடைசிச் சொட்டு வரை வந்து சேர வேண்டும் என்றும், உள்ளே வரும் குழாயோடு ஒரு துண்டைச் சேர்த்துச் சம்ப்பின் அடிவரை இறக்கி வைப்பது பல ஊர்களில் வழக்கமாகிவிட்டது. விட்டுவிட்டுத் தண்ணீர் விடும் நம் நகரங்களில் நீர் நின்றபின் தெருக்குழாய் வெறுமையாகிறது. அவ்வேளையில் தாழ்ந்த பகுதியிலுள்ள ஒருவர் அடிபம்பாலோ குழாயோடு நேராக இணைத்த மோட்டாராலோ உறிஞ்சினால், மூழ்கிய வாய் வழியாக நம் சம்ப்பு நீர் தெருக்குழாய்க்குத் திரும்பி அவர் வீட்டுக்குப் போகிறது. மழைக்காலத்தில் மூடி சரியாகப் பொருந்தாத சம்ப்பில் தெருச் சாக்கடை புகுந்திருந்தால் அதுவும் உடன் போகிறது. உறிஞ்சுகிறவருக்கும் தப்ப வழியில்லை: கழிவுநீர்க் குழாயை ஒட்டிச் செல்லும் பழைய இரும்புக் குழாயின் விரிசல்கள் வழியே சுற்றியுள்ள ஈரமண்ணின் அழுக்கை அவர் மோட்டாரே உள்ளிழுக்கிறது. சம்ப்பு நம்மைக் காக்கிறது என்போர், அது அயலாருக்குச் செய்யக்கூடிய தீங்கைச் சிந்திப்பதில்லை என்பதே என் பெரிய மனத்தாங்கல்.

நான்-ரிட்டர்ன் வால்வு (ஒருவழித் தடுப்பு வால்வு) போட்டாயிற்று, இனி என்ன பயம் என்பது மூன்றாவது. அவ்வால்வின் தடுப்புத் தகட்டுக்கும் அதன் இருக்கைக்கும் நடுவே ஒரு மணற்பருக்கை சிக்கினால் போதும், அது முழுவதும் மூடாது. ரப்பர் நாளடைவில் விறைத்துப்போனாலும் அப்படியே. அது பழுதானதை வெளியிலிருந்து அறிய ஒரு வழியும் இல்லை. இதனாலேயே அபாயம் மிகுந்த இடங்களுக்கென ஒரு சாதனம் வகுக்கப்பட்டது: இரண்டு தடுப்பு வால்வுகள், அவற்றின் நடுவே ஓர் அறை, அவ்வறையின் அழுத்தம் எப்போதும் வரும் நீரின் அழுத்தத்தைவிடக் குறைந்தே நிற்கும்படி ஒரு வெளியேற்று வால்வு. தடுப்பு கசிந்தால் நீர் பின்னே போகாமல் வெளியே கொட்டிவிடும். இத்தனை நுட்பமாக அமைத்தும், அதை ஆண்டுக்கொருமுறை அளவுக்கருவி வைத்துச் சோதிக்க வேண்டும் என்பது அமெரிக்க நகரங்களில் பொதுவான விதி. நம் வால்வைப் பொருத்திய நாளுக்குப் பிறகு யார் சோதித்தார்கள்?

வால்வு ஒன்றையே நம்பியதன் விளைவைப் பின்லாந்தின் நோக்கியா நகரம் 2007 நவம்பரில் கண்டது. அங்கே கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் சுத்திகரித்த கழிவுநீர்க் குழாயும் குடிநீர்க் குழாயும் ஒரு வால்வால் இணைந்திருந்தன. பராமரிப்பு வேலையின்போது அது திறக்கப்பட்டு, கழிவுநீர் நகரின் குடிநீரில் கலந்து, எண்ணாயிரத்துக்கு மேற்பட்டோர் வயிற்றுப்போக்கால் துன்புற்றனர். மறுசுழற்சி நீரைக் கழிப்பறைக்குப் பயன்படுத்தும் நம் அடுக்குமாடிகளிலும், நீரில்லாத நாளுக்கு உதவட்டும் என்று அந்நீர்க் குழாய்க்கும் குடிநீர்க் குழாய்க்கும் நடுவே ஒரு துண்டையும் வால்வையும் பொருத்துவதுண்டு. பிரஷர் பம்பு ஓடும்போது எந்தப் பக்கத்தின் அழுத்தம் மிகுகிறதோ அந்தப் பக்கத்து நீரே மறுபக்கம் போகும்.

குளோரின் போடுகிறார்கள், வீட்டில் ஆர்.ஓ. இருக்கிறது என்பது நான்காவது. இந்தியத் தர நிர்ணயப்படி குழாய் நீரில் எஞ்ச வேண்டிய குளோரின் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம். அது பூச்சிமருந்தையோ அமிலத்தையோ ஒன்றும் செய்யாது. சீதபேதி அமீபாவின் உறைபூண்ட நிலையை அந்த அளவுக் குளோரின் அழிக்காது. 1933இல் சிக்காகோ உலகக் கண்காட்சிக்கு வந்தோர் தங்கிய இரண்டு ஹோட்டல்களில் கழிவுநீரும் குடிநீரும் கலக்க இடமளித்த பழுதான குழாய் இணைப்புகளால் பரவிய அமீபா சீதபேதி 98 உயிர்களைப் பலிகொண்டது. அந்நகரின் குழாய் நீரிலும் குளோரின் இருந்தது. ஆர்.ஓ.வோ ஒரே ஒரு குழாயைக் காக்கிறது. பல் துலக்கும் நீரையும் பாத்திரம் அலம்பும் நீரையும் குழந்தையைக் குளிப்பாட்டும் நீரையும் அது தொடுவதில்லை.

இத்தனை வருஷமாக ஒன்றும் நடக்கவில்லையே என்பது கடைசி. பின்னோட்டம் சில நிமிஷங்களே நிகழ்ந்து, தொட்டி நிரம்பியதும் தடயமின்றிக் கழுவப்பட்டுவிடுகிறது. பிறகு வரும் வயிற்றுவலிக்கு ஹோட்டல் சாப்பாட்டையோ மழையையோ காரணம் சொல்கிறோம். நடந்ததை அறியாமையை நடக்கவில்லை என்பதற்குப் பிரமாணமாகக் கொள்வது நியாயமன்று.

செலவு என்ற ஆட்சேபணைக்கு இடமே இல்லை. குழாயின் வாய்க்கும் நீர் வழியும் மட்டத்துக்கும் நடுவே குழாயின் விட்டத்தைப்போல் இருமடங்கு, எப்படியும் 25 மில்லிமீட்டருக்குக் குறையாமல், வெறும் காற்று இடைவெளி விட்டால் போதும். அதில் தேயவோ அடைத்துக்கொள்ளவோ ஒன்றுமில்லை. வாசகர்களே, இந்த வாரமே சம்ப்பின் மூடியைத் திறந்து, உள்ளே வரும் குழாயின் வாய் நீரில் மூழ்கியிருக்கிறதா என்று பார்த்து, மூழ்கியிருந்தால் பிளம்பரை அழைத்து அந்தத் துண்டை அறுத்தெறியச் சொல்லுங்கள். குளியலறை ஹோஸை வாளியிலிருந்து எடுத்துச் சுவரில் மாட்டுங்கள்.