தொப்பியும் கத்தரிக்கோலும்

ஆண்டிபட்டியில் எடுக்கப்பட்ட 12 நிமிடக் குறும்படம் ஒன்றைப் பார்த்தோம். எடுத்தவர் கல்லூரி மாணவர். நம் சமுதாயத்துப் பிள்ளை. படத்தைப் பார்க்கும் முன்பே அதன் சுவரொட்டி நம் கைப்பேசிக்கு வந்து சேர்ந்துவிட்டது. இக்கட்டுரையை எழுதத் தூண்டியது படமன்று, அந்தச் சுவரொட்டியே.

முதலில் படத்தைச் சொல்லிவிடுவோம். சக்கம்பட்டித் தறிகளில் நெய்த சேலைகளை மூட்டையாகக் கட்டிச் சைக்கிளில் ஏற்றி, ஊர் ஊராகச் சென்று தவணைக்கு விற்கும் முதியவர் ஒருவரின் கதை. கணவாய்க்கு அப்பால் ஒரு வீட்டில் மூன்று தவணை நிலுவை. பெரியவர் போய் நிற்கிறார்; அந்த வீட்டுக்காரர் இறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை என்பது அப்போதுதான் தெரிகிறது. கணக்கு நோட்டை எடுத்து, அந்தப் பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு இழுக்கிறார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிக்கிறார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறார். அவ்வளவுதான். நடித்தவரும் உண்மையிலேயே சேலை வியாபாரி. ஆகவே நடிப்பு என்று பிரித்துச் சொல்ல அதில் ஒன்றும் இல்லை. ஒலிப்பதிவுதான் சரியில்லை. கணவாய்க் காற்று பாதி வசனத்தை விழுங்கிவிட்டது. வசனமே குறைவாதலால் பெரிய நஷ்டமில்லை.

இனிச் சுவரொட்டி. இருட்டில் பாதி முகம், தாடி, தொப்பி. அதன் கீழே துணி வெட்டும் கத்தரிக்கோல். அதன் நுனியில் சிவப்பு. ‘கணக்குத் தீர்க்கும் நேரம்’ என்று ஒரு வாசகம்!

படத்தில் அந்தக் கத்தரிக்கோல் ரவிக்கைத் துணி வெட்ட ஒரே ஒருமுறை வருகிறது.

ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டோம். “இப்படிப் போட்டால்தான் தொட்டுப் பார்க்கிறார்கள்” என்றார் அந்தத் தம்பி. கல்லூரியிலும் படத்தைவிடச் சுவரொட்டிக்கே கூடுதல் பாராட்டாம். பிள்ளை பொய் சொல்லவில்லை. சந்தை தனக்குக் கற்பித்ததைத்தான் ஒப்பித்தார். நம் சண்டை கற்பித்தவர்களோடு.

இங்கிலாந்தின் மேல்நிலை ஊடகப் பாடத்தில் ஒரு முறை பல ஆண்டுகள் நடப்பில் இருந்தது. மாணவர் குறும்படம் எடுப்பார். அதற்கொரு சுவரொட்டியும், பத்திரிகை விமர்சனப் பக்கமும் செய்வார். பிறகு நான்கு கேள்விகளுக்கு விடையெழுதித் தம் வேலையைத் தாமே மதிப்பிடுவார். முதன்மைப் படைப்பும் துணைப் படைப்புகளும் சேர்ந்து எவ்வளவு பயனுள்ளவையாக இருக்கின்றன என்பது அவற்றுள் ஒன்று. நல்ல கேள்விதான். ஆனால் பயன் என்றால் யாருக்குப் பயன்? கூட்டம் சேர்ந்தால் பயன் என்று கொண்டால், நம் தம்பியின் சுவரொட்டி முழு மதிப்பெண் பெறும். அது உண்மையா என்று எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. பார்வையாளர் கருத்திலிருந்து என்ன கற்றாய் என்றும் அங்கே ஒரு கேள்வி உண்டு. முகம் கொடுத்தவரின் கருத்து என்ன என்ற கேள்வி அங்கும் இல்லை, இங்கும் இல்லை.

சினிமா பிறந்தபோது சுவரொட்டி இப்படிப் பிறக்கவில்லை. 1895இல் லூமியேர் சகோதரர்கள் காட்டிய படங்களுள் ஒன்று, தோட்டக்காரர் மேல் குழாய்த் தண்ணீர் பீய்ச்சியடிக்கும் வேடிக்கை. ஒரு நிமிடம்கூட ஓடாது. அதற்கு வரைந்த விளம்பரத்தில் இருந்ததும் அதே தோட்டக்காரர், அதே தண்ணீர், பார்த்துச் சிரிக்கும் மக்கள். உள்ளே இருந்ததையே வெளியே காட்டினார்கள். கூட்டம் வராமலா போயிற்று?

விளம்பரம் சின்ன விஷயம், படம்தானே முக்கியம் என்பாரும் உளர். ஆண்டிபட்டியில் நின்றுகொண்டு அப்படிச் சொல்லக்கூடாது. 1984 டிசம்பர் தேர்தலில் எம்.ஜி.ஆர். இத்தொகுதியின் வேட்பாளர், அவர் படுத்திருந்ததோ நியூயார்க் புரூக்ளின் மருத்துவமனையில். ஒரு நாள்கூட அவர் வந்து வாக்குக் கேட்கவில்லை. மருத்துவமனையில் எடுத்த வீடியோப் படம்தான் தமிழகமெங்கும் திரையிடப்பட்டது. அவர் வென்றார், முதலமைச்சராகவும் ஆனார். அந்த வெற்றிக்கு வேறு காரணங்களும் உண்டு. அந்த அரசியலை இங்கே பிரித்துப் பார்க்க நாம் வரவில்லை. விளம்பரப் படம் ஒன்றின் வலிமையைக் கண்ணால் கண்ட மண் இது என்பதற்காகவே சொன்னோம்.

நம்மவர்களிடமும் ஒரு கேள்வி. 2012இல் ‘துப்பாக்கி’ வந்தபோதும், 2013இல் ‘விஸ்வரூபம்’ வந்தபோதும் நம் அமைப்புகள் கண்டனக் குரல் எழுப்பின. தாடியும் தொப்பியும் குற்றத்தின் அடையாளமா என்று கேட்டோம். இன்று நம் வீட்டுப் பிள்ளையே, நம் பெரியவர் ஒருவரின் முகத்தை வைத்து அதே படத்தை வரைகிறார். நம் வீடுகளில் என்ன பேச்சு? “அதற்குத்தான் சினிமாப் பக்கம் போகாதே என்றோம்.” இதைச் சொன்னவர்களில் எத்தனை பேர் அந்த 12 நிமிடத்தைப் பார்த்தார்கள் என்று விசாரித்தோம். ஒருவரும் இல்லை! சுவரொட்டியை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதில் இவர்களுக்கும் அந்தக் கல்லூரிக்கும் என்ன வேறுபாடு? பிள்ளையின் கையிலிருந்து கேமராவைப் பிடுங்கிவிட்டால், அந்தச் சேலை வியாபாரியின் கதையை வேறு யார் வந்து சொல்லப்போகிறார்கள்? அல்லிநகரத்து இளைஞர் ஒருவர் துணிந்து புறப்பட்டதால்தான் 1977இல் ‘16 வயதினிலே’ வந்தது. பாரதிராஜாவின் வீட்டார் தடுத்து நிறுத்தியிருந்தால்?

அந்தப் பெரியவரிடம் வருவோம். நாற்பது ஆண்டுகளாகக் கணவாய்க்கு இருபுறமும் அவர் போய் நிற்காத ஊர் இல்லை. பத்திரமில்லை, ஜாமீனில்லை, முகத்தைப் பார்த்துச் சேலை கொடுப்பார், முகத்தைப் பார்த்துப் பணம் தருவார்கள். ஆண்கள் வேலைக்குப் போன நேரத்திலும் திண்ணையில் மூட்டையை அவிழ்க்கச் சொல்லும் வீடுகள் அவை. அவருடைய முதலெல்லாம் அந்த முகம்தான். அதை அமானிதமாக அந்தத் தம்பியிடம் கொடுத்தார். அது கத்தரிக்கோலோடும் சிவப்போடும் கைப்பேசி கைப்பேசியாகப் போய், அவருடைய வாடிக்கை வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்தது. ஒரு வீட்டுப் பெண் சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறார். மற்றொரு வீட்டில் சிரிக்கவில்லை. “ஏந்தம்பி, நான் யாரை வெட்டினேன்?” என்று மட்டும் அவர் அந்தப் பிள்ளையிடம் கேட்டார்.

ஆசிரியப் பெருமக்களுக்கு நாம் சொல்வது இதுதான். படத்தை முதலில் எடுத்த தெருவில் போட்டுக் காட்டுங்கள். அதில் முகம் கொடுத்தவர் பார்த்துச் சம்மதித்த பிறகே சுவரொட்டி வெளியே போகட்டும். சுவரொட்டி காட்டுவது படத்தில் இல்லையென்றால் மதிப்பெண்ணைக் குறையுங்கள். அழகாக இருந்தாலும் குறையுங்கள். கணினி வசதியைக் கேட்டு வாங்குகிற கல்லூரிக்கு இது முடியாத காரியமா?

தம்பி இரண்டாவதாக ஒரு சுவரொட்டி செய்திருக்கிறார். கணவாய்ச் சாலையோரம் சைக்கிள், அதன் மேல் மூட்டை; ஆள் இல்லை. கல்லூரியில் முன்னதற்கே மதிப்பெண் போட்டாயிற்றாம், மாற்ற வழியில்லையாம். பெரியவரிடம் கொண்டுபோய்க் காட்டியபோது நாமும் உடனிருந்தோம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பின்சக்கரத்தில் காற்றில்லாமல் எடுத்திருக்கிறாயே என்றார்.